“யாருண்ணா இது?” என்று கேட்க வைப்பது எப்படி: சினிமாவுக்கு வெளியே இருக்கும் இசை பேண்டுகளை நம்ம ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த

என் மாமா பையன் தர்மபுரி பக்கம் பாலக்கோட்டில் தக்காளி லோடு ஓட்டுகிறான். வண்டியை விட ஸ்பீக்கரைத்தான் அதிகம் துடைப்பான். அவனுக்கு அகம் பேண்டைக் காட்டிவிட வேண்டும் என்று ஒருநாள் முன் சீட்டில் ஏறினேன். பெங்களூரு பேண்டு, 2003-ல் ஆரம்பித்தது, கர்னாடக இசையும் ப்ராக்ரஸிவ் ராக்கும் கலந்தது என்று பைபாஸ் வரும்வரை நானே பேசினேன். அப்புறம் ஒரு நீளமான பாட்டைப் போட்டேன். ஆலாபனை ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கியரை மாற்றிக்கொண்டே கேட்டான்: “பாட்டு எப்போண்ணா ஆரம்பிக்கும்?”

அந்த அசட்டுத்தனத்துக்கு அப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் ஆளின் காதைப் பாருங்கள்

உங்களுக்குப் பிடித்த பேண்டு எது என்பதை ஓரமாக வையுங்கள். எதிரில் இருப்பவருக்கு எந்தச் சத்தம் ஏற்கெனவே பழக்கம்? இதற்கு மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

மாரியம்மன் பண்டிகையில் பம்பையும் கைச்சிலம்பும் கேட்டு வளர்ந்தவருக்குத் தோல் கருவிதான் வாசல். அவருக்கு தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போடுங்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் வரும். கிட்டார் புதிதாக இருந்தாலும் அடி புதிதாக இருக்காது.

திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்தவர் வேறு ரகம். நீளமான பாட்டு என்றால் ஓடிவிடுவார் என்று நினைக்காதீர்கள், ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர் அவர். கதை தெரியாமல்தான் அவருக்குச் சலிக்கும். பாட்டு எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எட்டு நிமிஷமும் கேட்பார்.

பாட்டின் வரியைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. டீக்கடையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர்கள். அவர்களுக்கு கபேர் வாசுகி. பெரிய வாத்தியப் படை இல்லாமல், பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர்.

ஓசூர், தளி பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்களிடம் தமிழ்ப் பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஸ்வராத்மா பேண்டு, பாடகர் ரகு தீட்சித்தின் பாட்டு இரண்டிலும் கன்னட நாட்டுப்புற வாசனை உண்டு. ஸ்வராத்மாவில் பாடும் வாசு தீட்சித், ரகுவின் தம்பி. இந்தத் தகவல் ஒன்றுக்கே சிலர் கேட்பார்கள். நம்ம ஊரில் உறவு சொன்னால் காது திறக்கும்.

எதுவும் பிடிபடவில்லையா? தெரிந்த குரலைத் தேடுங்கள். சினிமாவில் பாடும் பிரதீப் குமாரின் குரல் எல்லோருக்கும் தெரியும். அவரும் இசையமைப்பாளர் தர்புகா சிவாவும் இருந்த லா பொங்கல் பேண்டைப் போட்டு, “இந்தக் குரல் யாருதுன்னு சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். போட்டி என்றால் யாரும் பாதியில் எழுந்து போவதில்லை.

படி 2: ஒரே ஒரு பாட்டு

பதினைந்து லிங்க்கை வாட்ஸ்அப்பில் கொட்டினால் ஒன்றையும் திறக்க மாட்டார்கள். நானும் திறக்க மாட்டேன். ஒன்று போதும். பாட்டு சூடு பிடிக்க நேரமாகும் என்றால், கம்ப்யூட்டரில் யூடியூப் ஷேரை அழுத்துங்கள். எந்த நொடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிக்க ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட்டு லிங்க்கை எடுத்தால் நேராக அந்த இடத்திலிருந்து ஓடும். முழுப் பாட்டையும் முதல் நொடியிலிருந்து கேட்பதுதான் மரியாதை என்று வாதாடுவோரை எனக்குத் தெரியும். மரியாதை இரண்டாவது தடவை வரட்டும்.

படி 3: எதில், எங்கே

மொபைலின் சின்ன ஸ்பீக்கரில் அடிச்சத்தம் வராது. பேஸ் கிட்டாரும் பெரிய மேளமும் காணாமல் போய் வெறும் கீச்சு மிஞ்சும். அதைக் கேட்டுவிட்டு “சத்தமாத்தான் இருக்கு” என்பார்கள். வண்டி ஸ்பீக்கர் அல்லது ஹெட்செட், இரண்டில் ஒன்று வேண்டும்.

பஸ்ஸில் சேலம் போகிறவருக்குப் போட்டுக் காட்டுகிறீர்கள் என்றால் முன்பே டவுன்லோடு செய்துவிடுங்கள். தொப்பூர் கணவாயில் என் போன் சிக்னல் போனதும் பாட்டும் போய், அதோடு பேச்சு வேறு எங்கோ போனது.

வேலை செய்துகொண்டே கேட்பவருக்கு சென்னையின் ஜடாயு பேண்டு சரி. பெரும்பாலும் வாத்தியங்கள்தான், கவனத்தைப் பிடித்து இழுக்க வரிகள் இருக்காது.

படி 4: அறிமுகம் ஒரு மூச்சில் முடியட்டும்

பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. போகிற வழியில் என்ன பார்க்கலாம், போனால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதியமான் ஆண்ட தகடூர்க்காரர்களுக்கு, அதாவது நம்ம தர்மபுரிக்காரர்களுக்கு, இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே முறைதான் இதற்கும்: பேண்டின் வரலாறு வேண்டாம், காதில் என்ன விழப்போகிறது என்று சொல்லுங்கள். “நடுவுல பறையும் கிட்டாரும் மாத்தி மாத்தி அடிச்சுக்கும், அதை மட்டும் கேளு.” அவ்வளவுதான்.

படி 5: முகத்தைப் பார்க்காதீர்கள்

பாட்டு ஓடும்போது “எப்படி, எப்படி?” என்று பார்த்தால் எதிராளி நடிக்க ஆரம்பித்துவிடுவார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். முடிந்ததும் நீங்களாகக் கருத்துக் கேட்க வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் சரி, அடுத்த மாதம் வேறு பாட்டு. பிடித்திருந்தால் பேர் கேட்பார்கள். பேர் கேட்ட பிறகுதான் இரண்டாவது பாட்டு.

மாமா பையனிடம் ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போனேன். இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை, காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டு ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வெளியே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங் மேல் விரல் தாளம் போட்டது. “யாருண்ணா இது?” என்றான். சொன்னேன். இப்போது மண்டியில் தக்காளி கிரேட் இறக்கும்போது அதே பாட்டைப் போட்டு, “மெட்ராஸ் பறை செட்டு, செம அடி” என்று லோடுமேன்களுக்குச் சொல்கிறானாம். பேரைத் திருத்த நான் போகவில்லை.