எபாக்சியில் கார்பன் நானோகுழாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்) கலந்த எபாக்சித் துண்டைப் பெருமையோடு நீட்டினார். எபாக்சி என்பது ஊற்றி இறுகவைக்கும் ஒரு பிசின், அதாவது ரெசின். நல்ல கன்னங்கரேல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் கடுகளவு கட்டிகள். நான் முதன்முதலில் வார்த்ததும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. எடையைச் சரிபார்ப்பது, கையுறை போடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

கருத்துவிட்டால் கலந்துவிட்டது என்று நம்புவது

கருக்க 0.1 சதவீத நானோகுழாயே போதும். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கட்டி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள்.

வெறும் ரெசினை அலட்சியமாக வார்ப்பது

இது இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு. நானோகுழாயை அசிட்டோன் என்ற கரைப்பானில் போட்டு சோனிகேட்டரில் (மீயொலியால் கட்டிகளை உடைக்கும் கருவி) ஓட்டினேன். ரெசினோடு சேர்த்து அசிட்டோனை ஆவியாக்கி, வேக்குவத்தில் குமிழி நீக்கி, அப்புறம் ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) ஊற்றி வார்த்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெறும் ரெசினையோ காகிதக் கப்பில் குச்சியால் கிளறி அப்படியே அச்சில் ஊற்றிவிட்டேன். இழுவைச் சோதனையில் நானோகுழாய் ஜெயித்தது. ஜெயிக்காமல் என்ன செய்யும்? வெறும் ரெசின் துண்டுகளில் ஊசிமுனையளவு குமிழிகள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது. உழைத்தது வேக்குவம் பம்ப், பெயர் வாங்கியது நானோகுழாய். துண்டு உடைந்த பரப்பைப் பார்த்த என் வழிகாட்டி, "இந்தக் குமிழிக்கு என்ன பதில்?" என்று மட்டும் கேட்டார். நான்கு மாத வேலை குப்பைக்குப் போனது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அசிட்டோன் கொஞ்சம் தங்கிவிட்டாலும் ரெசின் இளகும், கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை (இறுகிய ரெசின் விறைப்பு விட்டு இளகத் தொடங்கும் வெப்பநிலை) இறங்கும். பழி நானோகுழாய் மேல் விழும். மூக்கை நம்பாதீர்கள். எடை குறைவது நிற்கும்வரை தராசில் வைத்துப் பாருங்கள். வெறும் ரெசினும் அதே அசிட்டோன், அதே சோனிகேட்டர், அதே வேக்குவம் எல்லாம் கடந்துதான் அச்சுக்கு வர வேண்டும்.

தம்பியிடம் வெறும் ரெசின் துண்டு எங்கே என்று கேட்டேன். இன்னும் வார்க்கவில்லையாம்.

சோனிகேட்டரை நிறுத்தாமல் ஓட்டுவது

கட்டியோடு சேர்ந்து குழாயும் உடையும். ஐஸில் வைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். ராமன் நிறமாலையில் (பொருளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை அளக்கும் சோதனை) 1350 செ.மீ⁻¹-க்குப் பக்கத்து டி முகடு, 1580 செ.மீ⁻¹-க்குப் பக்கத்து ஜி முகட்டை ஒப்பிட வளர்ந்துகொண்டே போனால் குழாய் சேதமாகிறது என்று அர்த்தம்.

நானோகுழாய் அளவைக் கூட்டிக்கொண்டே போவது

பாகு கெட்டியாகும், குமிழி வெளியேறாது.

தூளைத் திறந்த மேசையில் கொட்டுவது

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-ல் எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற பல்சுவர் நானோகுழாய் ரகத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2பி பிரிவில் வைத்தது. புகைபோக்கி அறைக்குள் (ஃப்யூம் ஹூட்) வைத்து எடை போடுங்கள், ஆய்வகத்தின் கூரை மின்விசிறியை அணைத்துவிட்டு.