விபத்தே ஆகாத வண்டி என்று விற்றார்கள், பணத்தைத் திரும்ப வாங்கினேன்

பழைய காருக்கான விளம்பரத்தில் "விபத்து ஆகாதது, ஒரிஜினல் பெயின்ட்" என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். வாங்கிய பிறகு பின்கதவு சரியாக மூடவில்லை என்று எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன், அவர் பெயின்ட் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில்தான் இருக்கும், அந்தப் பக்கம் மட்டும் பல மடங்கு, அதாவது உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். டிக்கி தரைக்கு அடியில் வெல்டிங் தடமும் இருந்தது.

முதல் வேலையாக விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், புகார் போனதும் அதை எடுத்துவிடுவார்கள். அப்புறம் மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு அறிக்கை வாங்கினேன். வண்டியை ஓட்டுவதையும் நிறுத்தினேன், ரிப்பேரும் பார்க்கவில்லை. தொடர்ந்து ஓட்டினால் நீங்களே ஏற்றுக்கொண்டதாக வாதம் வரும்.

"உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்றார் டீலர். அந்த வரி தேய்மானத்துக்குப் பொருந்தலாம், தெரிந்தே சொன்ன பொய்யை அது பெரும்பாலும் காப்பாற்றாது. இதையே எழுத்தில், ஆதாரங்களை இணைத்து, பணம் திரும்ப வேண்டிய கெடு தேதியைக் குறித்து, தராவிட்டால் நுகர்வோர் புகார் என்று மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். போனில் பேசியபோது அசையாதவர், கடிதம் கிடைத்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தந்தார்.

தனி நபரிடம் வாங்கியிருந்தால் பல நாடுகளில் பாதுகாப்பு இதைவிடக் குறைவு, ஆனாலும் பொய் சொல்லி விற்றதற்காக சிவில் வழக்குப் போட வழி உண்டு.