குவாண்டம் கீ: கனபேர் பிழை விடுற இடங்கள்

போன கிழமை யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிச் சந்தியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க கம்பஸ் பெடியன் ஒருத்தன் கேட்டான், "அண்ணை, குவாண்டம் வந்தா ஒருத்தராலயும் ஒட்டுக்கேக்க ஏலாதாமே?" எண்டு. முதல் பிழையே இதுதான். குவாண்டத்தால போறது உங்கட மெசேஜ் இல்லை, அதைப் பூட்டுற ரகசிய எண் வரிசை, அதாவது கீ. 1984ல பென்னட், பிரசாட் எண்ட ரெண்டு விஞ்ஞானியள் சொன்ன பிபி84 முறையில, கீயைக் கொண்டுபோற போட்டோனை (ஒளித் துணிக்கையை) நடுவில ஆரும் அளந்து பாத்தா ரெண்டு பக்கத்துக் கீயும் பொருந்தாத பிழை வீதம் ஏறும், கிட்டத்தட்ட 11 வீதத்தைத் தாண்டினா அந்தக் கீயைத் தூக்கி எறியவேணும். கள்ளனைத் தடுக்காது, காட்டிக்குடுக்கும்.

பிறகு தூரம். பைபர் கேபிளில கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான் ஒளி நட்டம், கேக்க ஒண்டுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா 100 கிலோமீட்டரில நூறு போட்டோன் விட்டா ஒண்டுதான் போய்ச்சேரும், கொழும்பு 400 கிலோமீட்டர் எண்டு வச்சா பத்துக் கோடிக்கு ஒண்டு! "நடுவில அம்ப்ளிஃபயர் போடலாந்தானே" எண்டான். அங்கதான் எல்லாரும் சறுக்கிறது. அம்ப்ளிஃபயர் எண்டா வந்த போட்டோனைக் கொப்பி அடிச்சுப் பெருக்கிறது, ஆனா தெரியாத குவாண்டம் நிலையைக் கொப்பி அடிக்க ஏலாது, 1982லயே நிரூபிச்சாச்சு.

அதாலதான் பெய்ஜிங்-ஷாங்காய் 2000 கிலோமீட்டர் லைனில இடையிடையே நிலையங்கள் வச்சிருக்கினம், ஒவ்வொண்டிலயும் கீ வெளியில வந்துதான் திரும்பப் போகும். இரவு பஸ்ஸில குடுத்துவிட்ட பார்சலை வவுனியாவில ஒராள் பிரிச்சுப் பாத்திட்டு ஒட்டி அனுப்புற மாதிரி, அந்தாள் நல்லவராய் இருக்கோணும். 2018ல வந்த ட்வின்-ஃபீல்ட் முறையில ரெண்டு பக்கமும் இருந்து நடுவுக்கு லைட் விடுறதால அதே 400 கிலோமீட்டருக்கு பத்தாயிரத்துக்கு ஒண்டு எண்ட அளவுக்கு வரும், நடுவில இருக்கிறவரை நம்பவும் தேவையில்லை. என்னைக் கேட்டா உண்மையான முன்னேற்றம் இதுதான்.

குவாண்டம் கீ கருவிப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புறதும் பிழை. 2010ல மக்காரோவ் எண்ட ஆராய்ச்சியாளரின்ர குழு, கடையில விக்கிற கருவிகளில போட்டோனைப் பிடிக்கிற டிடெக்டருக்கு பளிச்செண்டு லைட் அடிச்சுக் கண்ணைக் கட்டி, பிழை வீதம் ஏறாமலே கீயை எடுத்துக் காட்டிச்சினம். பிசிக்ஸில பிழை இல்லை, டிடெக்டரிலதான் ஓட்டை.

கடைசியா, மற்றப் பக்கம் இருக்கிறது ஆரெண்டு உறுதிப்படுத்தாமல் தொடங்கிறது. நடுவில ஒருத்தன் உங்களுக்குக் கொழும்பாயும் கொழும்புக்கு யாழ்ப்பாணமாயும் நடிச்சா குவாண்டம் ஒண்டும் செய்யாது, ரெண்டு பேருக்கும் முதல்லயே ஒரு சின்ன ரகசியம் பொதுவா இருக்கோணும். "அதை எப்பிடி அண்ணை குடுக்கிறது?" எண்டான். கையில கொண்டுபோய்க் குடுக்கலாம், இல்லாட்டி அந்த ரகசியத்துக்குப் பதிலா ஆளை உறுதிப்படுத்த 2024ல நிஸ்ட் (அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம்) வெளியிட்ட புது டிஜிட்டல் கையெழுத்து முறையள் இருக்கு, அதில குவாண்டமே இல்லை, வெறும் கணக்கு.