பனங்கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆவணி, புரட்டாசியில் மரத்தடியில் விழுந்து கிடக்கும் பனம்பழத்தை இப்போது யாரும் சீண்டுவதில்லை, ஆனால் பொங்கலுக்குக் காசு கொடுத்து வாங்கும் பனங்கிழங்கு அதிலிருந்துதான் வருகிறது. சதையை எடுத்துவிட்டு, மணல் கலந்த மண்ணை ஒன்றரை அடிக்காவது பாத்தியாகக் கூட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி லேசாக மண் மூடுங்கள். முளை கீழ்நோக்கித்தான் இறங்கும், கெட்டித் தரை என்றால் கிழங்கு குட்டையாகிவிடும். மழை இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர்.

தை மாதம் தோண்டலாம். ரொம்பத் தாமதித்தால் நார்தான் மிஞ்சும். கொட்டையை வெட்டினால் உள்ளே தவண், அதாவது பஞ்சு போன்ற வெள்ளைப் பருப்பு, இருக்கும், அதற்குப் பிள்ளைகளிடம் சண்டையே வரும். கிழங்கை மஞ்சள், உப்பு போட்டு வேகவைத்து, நாரை உரித்து, நடுக்குருத்தையும் உருவிவிட்டுத் தின்னுங்கள்.

மிஞ்சியதை யாழ்ப்பாணத்துக்காரர்கள் மாதிரி பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் கூழ் காய்ச்சும் முன் தண்ணீரில் ஊறவைத்து, மேல்தண்ணீரை வடித்துவிடுங்கள், கசப்பு குறையும்.