ஸ்காபரோவில் முதலாம் பிறந்தநாள்: கடன்படாமல் கொண்டாடுவது எப்படி?

ரொறன்ரோ பெரும்பாகத்துக்குப் புதிதாக வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, இந்த நாட்டில் தாங்களே முன்னின்று நடத்தும் முதற் கொண்டாட்டம் பிள்ளையின் முதலாம் பிறந்தநாளாகவே இருக்கிறது. ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் மண்டபம், மேடை அலங்காரம், வீடியோப் படப்பிடிப்பு என்று பெரிதாகச் செய்யும் வழக்கம் வேரூன்றியிருப்பதால், நாங்கள் மட்டும் செய்யாமல் விட்டால் சனம் என்ன நினைக்கும் என்ற கவலை எழுவது இயல்பே. ஆயினும் கடனட்டையில் செலவழித்துவிட்டு உரிய நாளில் கட்டாமல் விட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீத வட்டி ஏறும் என்பதையும், அடுத்த வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது வீட்டுக்காரர் உங்கள் கடன் வரலாற்றைக் கேட்பார் என்பதையும் முதலில் மனத்தில் வையுங்கள்.

மண்டபம் பார்க்கப் போவதற்கு முன்னர் பெயர்ப் பட்டியலை எழுதுங்கள், ஏனெனில் சாப்பாடு, இடம், கேக்கின் அளவு எல்லாம் அந்த எண்ணிக்கையைப் பின்பற்றியே வருகின்றன. பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்கள் தாங்கள் போய்வந்த வீடுகளை எல்லாம் திருப்பி அழைக்க வேண்டியவர்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் கடப்பாடு இன்னும் ஏற்படவில்லை. விமான நிலையத்துக்கு வந்து கூட்டிச் சென்றவர்கள், பேஸ்மென்ற்றில் இடம் தந்தவர்கள், பிள்ளை பிறந்தபோது பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், இவர்களை அழைத்தாலே சபை நிறைந்துவிடும். விருந்தினர் பரிசுப் பணம் வைத்துத் தரும் என்வலப்புகளால் மண்டபக் கணக்கை அடைத்துவிடலாம் என்று எண்ணி முற்பணம் கட்டுவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன்.

நேரத்தைப் பகலில் வையுங்கள். அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்றிருக்கும்; விருந்தினர் எட்டு மணிக்கு வந்து சேர்வார்கள்; ஒன்பது மணிக்குக் கேக் வெட்டும்போது, வழமையாக ஏழரைக்கே உறங்கிவிடும் பிள்ளை கனத்த சட்டையுடன் அலங்காரக் கதிரையில் இருத்தப்பட்டு, கமராவின் ஒளி ஒவ்வொரு முறை மின்னும்போதும் முகத்தைத் தாயின் தோளில் புதைத்து அழும். காலை பதினொரு மணிக்குத் தொடங்கினால் பிள்ளை உற்சாகமாக இருக்கும், மதியச் சாப்பாட்டோடு நிகழ்வும் முடிந்துவிடும். கோடைகாலத்தில் இங்கே காலை 11.30 என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு 9 மணி. அம்மம்மாவும் அப்பப்பாவும் கைபேசியில் கேக் வெட்டுவதைப் பார்க்கலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் முதலில் தங்கள் கட்டடத்தில் பார்ட்டி ரூம் உண்டா என்று விசாரியுங்கள். சிறு கட்டணமும், சேதமில்லாவிட்டால் திருப்பித் தரப்படும் வைப்புப் பணமும்தான் பெரும்பாலும் கேட்பார்கள். மாநகரின் சமூக மையங்களிலும் அறைகள் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் விபத்து, சேதம் நேர்ந்தால் ஈடுசெய்யும் பொறுப்புக் காப்புறுதியும் எடுக்க வேண்டியிருக்கும். கோடையில் பிறந்த பிள்ளை என்றால் தொம்சன் மெமோரியல், மில்லிக்கன் போன்ற பூங்காக்கள் அருமையான இடங்கள். 25 பேருக்கு மேல் கூடுவதானால் மாநகர சபையின் அனுமதி வேண்டும், கோடை வார இறுதிகள் விரைவில் நிரம்பிவிடும். மண்டபமேதான் வேண்டும் என்றால், அவர்கள் சொல்லும் விலைக்கு மேல் 13 சதவீத எச்.எஸ்.ரி. வரியும், பல இடங்களில் சேவைக் கட்டணமும், பாட்டுப் போடுவதற்கான உரிமக் கட்டணமும் சேரும் என்பதால், இறுதித் தொகையை எழுத்தில் வாங்குங்கள். எங்கே செய்தாலும் குத்துவிளக்கு ஏற்றலாமா, கற்பூரம் கொளுத்தலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்; புகைக்கு அபாய மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழக்கூடும்.

உணவுக்குத் தமிழ் ரேக்-அவுட் கடைகளே கைகொடுக்கும். றோல்ஸ், வடை, கட்லட் முதலியவற்றை எண்ணிக்கைக் கணக்கிலும், சோறு, பிரியாணி, கறிகளை ட்ரே கணக்கிலும் வாங்கலாம். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். சூடான உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேலும் குளிர் உணவு 4 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைப் பரிமாற வேண்டாம். வருகின்ற சிறு பிள்ளைகளை நினைத்து முந்திரிகைப் பழத்தை (திராட்சையை) நீளவாக்கில் வெட்டி வையுங்கள், முழுக் கச்சானையும் வெடித்த பலூன் துண்டுகளையும் அவர்களுக்கு எட்டாமல் அகற்றுங்கள். இவை மூன்றும் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடியவை.

ஒன்ராறியோவில் சின்னமுத்து, கூகைக்கட்டு முதலியவற்றுக்கான முதலாவது ஊசி பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்த பின்னரே போடப்படுகிறது. அதன் பின் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதுண்டு. ஆகவே ஊசித் திகதியையும் கொண்டாட்டத் திகதியையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். அதற்காக ஊசியைப் பின்போட வேண்டாம், கொண்டாட்டத்தைத் தள்ளி வைக்கலாம். பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, விருந்தை வசதியான வார இறுதியில் வைப்பது பலரும் கைக்கொள்ளும் முறை.

அலங்காரத்துக்கு அதிகம் வேண்டியதில்லை. வீட்டில் உள்ள நல்ல கூறைச் சேலை ஒன்றைப் பின்னால் விரித்து, டொலராமா என்னும் மலிவு விலைக் கடையில் பலூனும் கடதாசித் தோரணமும் வாங்கிக் கட்டினால் படம் அழகாகவே வரும். வாடகைச் சுவரில் ஆணி அடிக்காமல், பின்னர் உரித்தெடுக்கக்கூடிய ஒட்டுக் கொளுக்கிகளைப் பயன்படுத்துங்கள்.

என்ன பரிசு வாங்குவது என்று நெருங்கிய உறவினர் கேட்டால், பிள்ளையின் ஆர்.ஈ.எஸ்.பி. கல்விச் சேமிப்புக் கணக்குக்கு உதவுமாறு தயங்காமல் சொல்லுங்கள். அக்கணக்கில் ஆண்டுக்கு 2,500 டொலர் வரை நீங்கள் இடும் பணத்துக்கு அரசு 20 சதவீதம் சேர்க்கிறது. வருமானம் குறைந்த குடும்பமாயின், நீங்கள் ஒரு சதமும் இடாவிட்டாலும் கனடா கற்றல் பத்திரம் என்னும் அரச உதவியின் மூலம் முதலில் 500 டொலரும், தகுதி நீடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் 100 டொலருமாக மொத்தம் 2,000 டொலர் வரை கிடைக்கும். கணக்குத் திறக்கப் பிள்ளைக்குச் சமூகக் காப்புறுதி இலக்கம் வேண்டும். இன்னும் எடுக்காதவர்கள் சேர்விஸ் கனடா என்னும் அரச சேவை அலுவலகத்தில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம்.