வீடு கட்டி மிஞ்சிய மண்ணைச் சலித்துத் தோட்டத்துக்கு எடுப்பது எப்படி?

வீட்டு வேலை முடிந்ததும் கொல்லையில் ஒரு குவியல் நிற்கும். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய மண், அதோடு செங்கல் உடைசல், காரைக்கட்டி, ஜல்லி, கட்டுக்கம்பித் துண்டு, சிமென்ட் சாக்கு நார். இதை அள்ளிப் போடவும் காசு, புதிதாகச் செம்மண் இறக்கவும் காசு. சலித்தால் பெரும்பகுதி தேறிவிடும். ஆனால் மொத்தத்தையும் சலித்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். வேர் ஓடும் மேல் முக்கால் அடிக்கு மட்டும் சலித்த மண் போதும். பத்துக்குப் பத்து அடி இடத்துக்கு 75 கன அடி, அதாவது முக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). அதுவே சுமார் மூன்று டன் வரும்.

1. எடுக்கக் கூடாத மண்

கலவை போட்ட இடம், தின்னரும் பெயின்டும் கொட்டிய இடம், டைல்ஸ் அறுத்த இடம்: இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். சிமென்ட் தூள் எந்தச் சல்லடையிலும் நிற்காது. அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிட்டால், இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூச் செடி இதை முதலில் காட்டிக்கொடுக்கும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி மண்ணில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்போ சிமென்டோ இருக்கிறது. சில ஊர்களில் மண்ணே சுண்ணாம்பு மண் என்பதால், வேலை நடக்காத மூலையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. சல்லடை

கொத்தனாரின் பூச்சு மணல் சல்லடை இதற்கு ஆகாது. கண் சிறியது, அடைத்துக்கொள்ளும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கி, 3 அடிக்கு 5 அடி ரீப்பர் மரச்சட்டத்தில் அடியுங்கள். நடுவில் இரண்டு குறுக்குச்சட்டம் அவசியம், இல்லையென்றால் வலை தொய்ந்து கல் அங்கேயே தங்கும். மண்ணை வீசும் பக்கத்தில்தான் வலை இருக்க வேண்டும், சட்டம் பின்னால். ஓரத்தில் வெறும் ஆணி நாளடைவில் கழன்றுவிடும். மேலே மெல்லிய பட்டி வைத்து அடியுங்கள்.

3. ஈரப்பதம்

பாதிப் பேர் சொதப்புவது இங்கேதான். ஒரு பிடி மண்ணை அழுத்தி உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் சலிக்கலாம். அப்படியே சப்பையாக ஒட்டினால் ஈரம் அதிகம், பரப்பிக் காயவிடுங்கள். உருட்டவே வராமல் கட்டி கட்டியாக இருந்தால் முந்தின நாள் மாலை லேசாகத் தெளித்து வைத்து, காலையில் மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி உடையுங்கள். காய்ந்த களிமண்ணை அப்படியே சலித்தால் நல்ல மண்ணெல்லாம் கல்லோடு உருண்டு போய்விடும்.

4. சலித்தல்

சல்லடையைச் சுமார் 45 டிகிரி சாய்த்து, இரண்டு கம்பு முட்டுக் கொடுங்கள். கல் வலையிலேயே உட்கார்ந்தால் கொஞ்சம் நிமிர்த்துங்கள்; மண்ணும் சேர்ந்து முன்னால் கொட்டினால் இன்னும் சாய்த்து வையுங்கள். அரை மண்வெட்டி அளவாக, மேல் மூன்றில் ஒரு பங்கில் வீசிப் போடுங்கள். அடியில் சேரும் கல்லை அவ்வப்போது பாண்டில் அள்ளிவிட வேண்டும். கையுறை, மூக்குக் கவசம், ஷூ மூன்றும் கட்டாயம்.

ஆணியும் கம்பித் துண்டும் வலையில் நெட்டுக்குத்தாக நுழைந்துவிடும். சலித்த மண்ணைப் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுங்கள். கண்ணாடிச் சில்லைக் கண்ணால் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். கோரைக்கிழங்கும் அரை அங்குலத்தில் இறங்கிவிடும். சலித்த குவியலை நனைத்து இரண்டு வாரம் விட்டால் முளை காட்டும், கிழங்கோடு பிடுங்குங்கள். மேலே புல்லை மட்டும் கிள்ளினால் திரும்ப வரும்.

கால் அங்குலச் சல்லடை விதைப் பாத்திக்கு மட்டும். எல்லா மண்ணையும் மாவாகச் சலித்தால் முதல் மழையிலேயே மேலே ஏடு கட்டி இறுகும்.

5. பரப்புதல்

மிஞ்சிய ஜல்லியும் செங்கல் துண்டும் நடைபாதைக்கு அடியில் போகட்டும், செடிக்குழியில் வேண்டாம். பரப்புமுன் கீழ்த்தரையைக் கடப்பாரையால் கிளறுங்கள். லாரி ஏறி இறுகிய தரைமேல் போட்டால் தண்ணீர் நடுவில் தேங்கும். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய சாணி எரு. சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு அரை அடி வாட்டம் (சரிவு) இருக்கட்டும். நல்ல மழை இரண்டு பெய்ததும் மண் இறங்கும், அதை நிரவ நாலைந்து மூட்டை சலித்த மண்ணைத் தனியே எடுத்து வையுங்கள்.