ஊர் ஹாம் ரேடியோ கிளப்பை அரட்டைக் குழுவாகிவிடாமல் நடத்துவது எப்படி

ஹாம் கிளப், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களின் கிளப், தொடங்குவது பெரிய வேலையே இல்லை. லைசென்ஸ் உள்ள நாலைந்து பேர், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பேனர், ஒரு திறப்பு விழா, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அந்தக் குழுவில் காலை வணக்கப் படமும், யார் எந்த ரிக் (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ பெட்டி) வாங்கினார் என்ற செய்தியும்தான் மிஞ்சும். இது நடக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கூட்டத்திலும் மேசை மேல் கையால் செய்ய ஒரு வேலை இருக்கணும், செய்ததை அளந்து பார்க்க ஒரு கருவி இருக்கணும். உரை, பவர்பாயின்ட், சால்வை எல்லாம் அப்புறம்.

முதலில் லைசென்ஸ் பேச்சை முடித்துவிடுவோம். இந்தியாவில் 12 வயது ஆனவர் யார் வேண்டுமானாலும் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டெட், ஜெனரல் என்று இரண்டு கிரேடு. முன்னதில் தேறினால் வி.யூ.3 என்று தொடங்கும் கால் சைன் (ரேடியோவில் நம் அடையாளப் பெயர்), பின்னதற்கு வி.யூ.2. ஜெனரலுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக் குறியீடு) தேர்வும் உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவுதான் இதையெல்லாம் பார்க்கிறது, விண்ணப்பம் சரள் சஞ்சார் தளம் வழியாக. ராஜீவ் காந்தி வி.யூ.2.ஆர்.ஜி. என்ற கால் சைன் வைத்திருந்த ஹாம் என்பதை எல்லாக் கிளப்பும் அறிமுகக் கூட்டத்தில் சொல்லும், நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

விண்ணப்பித்த நாளுக்கும் கால் சைன் வரும் நாளுக்கும் நடுவில் இருக்கும் காத்திருப்பில்தான் புது ஆட்கள் கழன்றுகொள்வார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் வேலை கொடுக்க வேண்டும். ஆன்டெனா கட்டலாம், சால்டர் செய்யலாம், லாக் (யாரோடு எப்போது பேசினோம் என்ற பதிவு) எழுதலாம். பேசும்போது அழுத்தும் பி.டி.டி. பட்டனை மட்டும் தொடக் கூடாது, லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்கூட்டியே ஹேண்டி (கையடக்க ரேடியோ) வாங்கி வைக்கவும் விடாதீர்கள்.

தேர்வுக்கான தியரியையும் கரும்பலகையில் தொடங்க வேண்டாம். ரிக்கையும் 13.8 வோல்ட் பவர் சப்ளையையும் வேண்டுமென்றே நீளமான ஒல்லி ஒயரில் இணையுங்கள். ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெளியே விடாமல் வாங்கிக்கொள்ளும் டம்மி லோடு போட்டுக்கொண்டு லைசென்ஸ் உள்ளவர் பட்டனை அழுத்தட்டும், ரிக் முனையில் மல்டிமீட்டர் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று புது ஆள் படிக்கட்டும். அப்புறம் தடிமனான ஒயரை மாட்டி மறுபடி பார்க்கட்டும். ஓம் விதி அந்த நிமிடமே புரிந்துவிடும், சூத்திரத்தை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

வாரத்துக்கு ஒரு நெட், அதாவது எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடும் ரேடியோ கூட்டம், வையுங்கள். ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) எட்டினால் அதில், இல்லையென்றால் 2 மீட்டர் பேண்டில் ஏதாவது சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும்) அலைவரிசையில். நம் நாட்டில் 2 மீட்டர் என்றால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். எப்போதும் ஒரே மூத்தவர் நெட்டை நடத்தும் நெட் கன்ட்ரோலாக இருந்தால் மற்றவர்கள் வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்வது மாதிரி கால் சைன் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கால் சைன் வந்த முதல் மாதத்திலேயே புதியவரை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். மைக் பயம் வேறு எப்படியும் போகாது. சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான்: பட்டனை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசு, இல்லாவிட்டால் முதல் எழுத்து விழுங்கிப் போகும், அடுத்தவர் முடித்ததும் இரண்டு விநாடி இடைவெளி விடு, அவசரச் செய்தி உள்ளவர் யாராவது நடுவில் வரலாம். ஒவ்வொரு நெட்டுக்கும் ஒரு கேள்வியும் வைக்கலாம். இந்த வாரம் எல்லாரும் மொட்டை மாடியின் நான்கு மூலையிலிருந்தும், வீட்டுக்குள்ளிருந்தும் ரிப்பீட்டரைக் கேட்டு, எங்கே எப்படி இருந்தது என்று சொல்லணும். இதையெல்லாம் ஊர் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தால் எந்தத் தெரு ரேடியோ நிழலில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மழை வெள்ளத்தில் அந்த வரைபடம்தான் கைகொடுக்கும்.

இனி ஆன்டெனா. இதைத்தான் முதல் பெரிய செய்முறையாக வைக்கச் சொல்வேன், அதுவும் ஆளுக்கு ஒன்று. எஸ்.ஓ.239 கனெக்டர், நாலு மூலையிலும் ஓட்டை உள்ள சதுர வகை, ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். எலக்ட்ரிகல் கடையில் 12 கேஜ் செம்புக் கம்பி கிடைக்கும். கால் அலை ஆன்டெனாவுக்கு (அலைநீளத்தில் கால் பங்கு நீளம்) கணக்கு எளிது: 71.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். 145-க்கு 0.493, அதாவது 49.3 சென்டிமீட்டர். ஆனால் நடுவில் நிற்கும் ஒன்று, கீழே போகும் நாலு என்று ஐந்து கம்பியையும் 52 சென்டிமீட்டராகவே வெட்டுங்கள். கீழே போகும் நாலு கம்பிகள், ரேடியல் என்பார்கள், சுமார் 5 சதவீதம் நீளமாக இருப்பது நல்லது, அதனால் அவை அப்படியே இருக்கும். நடுக் கம்பியை மட்டும்தான் நறுக்கப் போகிறோம்.

நடுக் கம்பியைக் கனெக்டரின் நடுக் குழியில் சால்டர் செய்ய 25 வாட் அயர்ன் ஓரளவு சமாளிக்கும். ரேடியல்களை கனெக்டர் உடம்பில் சால்டர் செய்யப் போனால் அது சூட்டையெல்லாம் குடித்துவிடும், ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும். மல்லுக்கட்ட வேண்டாம், கம்பி முனையை வளையமாக வளைத்து 3 மில்லிமீட்டர் போல்ட் நட்டு போட்டு இறுக்குங்கள். நாலையும் 45 டிகிரி கீழே சாயுங்கள். ரேடியல்கள் தரைக்கு இணையாகப் படுத்திருந்தால் ஆன்டெனா சுமார் 36 ஓம் காட்டும், 45 டிகிரி சாய்த்தால் 50-க்குப் பக்கம் வந்துவிடும், நம் கேபிளும் ரிக்கும் எதிர்பார்ப்பது அந்த 50-தான்.

இப்போது நானோ வி.என்.ஏ., ஆன்டெனா எந்த அலைவரிசையில் சரியாக வேலை செய்கிறது என்று திரையில் காட்டும் சிறு கருவி. கிளப் வாங்க வேண்டிய முதல் கருவி இதுதான், ரிக் கூட இல்லை. ஆன்டெனா மாட்டப் போகும் கேபிள் முனையில் ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று சோதனை முனைகளையும் ஒவ்வொன்றாக மாட்டி காலிபரேட் செய்யுங்கள், அதாவது கருவியின் அளவைச் சரிப்படுத்துங்கள். இதைத் தவிர்த்துவிட்டு அளந்தால் வருகிற எண்ணை நம்ப முடியாது. 130-லிருந்து 160 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் வைத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ஏற்காமல் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்குவது தெரியும். 52 சென்டிமீட்டர் கம்பிக்கு அது 137 அருகில் விழும். ஒரு சென்டிமீட்டர் நறுக்குங்கள், பள்ளம் ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் வலப்பக்கம் நகரும். இன்னொரு சென்டிமீட்டர், இன்னொரு 3. மூன்றாவதை முழுசாக வெட்டாமல், கடைசியில் இரண்டு மூன்று மில்லிமீட்டராகக் கொரியுங்கள், 145-இல் வந்து உட்காரும். கணக்கு போட்டது, வெட்டியது, திரையில் பார்த்தது மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கணும்! பள்ளம் கிடைத்ததும் ஒருவரை ஆன்டெனாவுக்கு அருகில் நடந்து வரச் சொல்லுங்கள், கோடு ஆடும். ஆன்டெனாவைச் சுவர் ஓரத்திலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் ஏன் வைக்கக் கூடாது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மாடியில் ஏற்றுவதற்கு முன்னால் சால்டர் செய்த இடத்தை எம்-சீல் வைத்து மூடுங்கள், கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினால் அந்தக் கேபிள் குப்பைக்குத்தான். கேபிளில் கஞ்சத்தனமும் வேண்டாம். ஆர்.ஜி.58 வகையில் 2 மீட்டர் பேண்டில் 100 மீட்டருக்கு சுமார் 20 டி.பி. (டெசிபெல்) இழப்பு. 20 மீட்டர் ஓட்டினால் 4 டி.பி., அதாவது ஹேண்டியின் 5 வாட்டில் மேலே போய்ச் சேருவது 2 வாட். தடிமனான எல்.எம்.ஆர்.400 வகையில் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 4 வாட் மிஞ்சும். ஆன்டெனாவைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் கேபிளைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள், அது என்னவோ.

40 மீட்டர் பேண்டின் டைபோலுக்கும் (நடுவில் கேபிள், இரு பக்கமும் கம்பி உள்ள ஆன்டெனா) இதே முறைதான். 143-ஐ 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்தம் சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. நைலான் கயிற்றில் கல்லைக் கட்டித் தென்னையிலோ வேம்பிலோ எறிந்து கட்டிவிடலாம். எறிவதற்கு முன் மின்கம்பி எங்கே போகிறது என்று ஒருவர் தனியாகப் பார்த்துச் சொல்லணும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை இடிக் காலத்தில் ரிக்கிலிருந்து கேபிளைக் கழற்றி வைப்பதும் அப்படித்தான்.

கூட்டத்துக்கு ஆள் வருவது குறைகிறதா? ஃபாக்ஸ் ஹண்ட் வையுங்கள். லைசென்ஸ் உள்ள ஒருவர் ஹேண்டியோடு எங்காவது ஒளிந்துகொண்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கால் சைன் சொல்லி ஒலிபரப்புவார். மற்றவர்கள் கண்டுபிடிக்கணும். பி.வி.சி. பைப்பில் இன்ச் டேப்பின் எஃகுப் பட்டைகளை வெட்டிப் பொருத்தினால் மூன்று எலிமென்ட் யாகி, அதாவது ஒரு திசையைக் கூர்ந்து கேட்கும் ஆன்டெனா, தயார், புதரில் மாட்டினாலும் வளைந்து நிமிர்ந்துவிடும். தூரத்தில் இருக்கும்வரை எளிது. நூறு மீட்டருக்குள் வந்ததும் எந்தப் பக்கம் திருப்பினாலும் சிக்னல் மீட்டர் முழுசாக நிற்கும், பாதிப் பேர் அங்கேதான் குழம்புவார்கள். அப்போது யாகியைக் கழற்றிவிட்டு ஹேண்டியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். சிக்னல் எப்போது மிகவும் இறங்குகிறதோ அப்போது ஃபாக்ஸ் உங்கள் முதுகுப் பக்கம், உடம்புதான் மறைக்கிறது. அதுவும் போதாவிட்டால் அலைவரிசையை 5, 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்து, சிக்னலை வலுக்குறைத்துக் கேளுங்கள். கண்மாய்க் கரை, பனங்காடு மாதிரி திறந்த இடத்தில் தொடங்குங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டடங்களில் சிக்னல் பட்டுத் திரும்பி ஆளை ஏய்க்கும், அதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று முக்கியம், காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் ஊரைச் சுற்றினால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

செயற்கைக்கோள் பக்கமும் செலவில்லாமல் போகலாம். சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும், சில நாட்களில் படமும் அனுப்புவார்கள். தலைக்கு மேல் கடக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். வரும்போது அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸ் போல மேலேயும், போகும்போது கீழேயும் விலகியிருக்கும், டாப்ளர் விளைவுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. நம் இஸ்ரோவே 2005-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்காக ஹாம்சாட் ஏவியது, 2014 வரை ஓடியது.

இப்போது எனக்குப் பிடித்தது கியூ.ஓ.100. கிழக்குத் தீர்க்கரேகை 25.9 டிகிரிக்கு மேலே நிலையாக நிற்கும் செயற்கைக்கோள், அதில் ஹாம்களுக்கென்று டிரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) இருக்கிறது. ஊரில் பாதி மாடியில் சும்மா துருப்பிடிக்கும் டி.டி.எச். டிஷ்ஷில் ஒன்றை வாங்கி வாருங்கள். மதுரையிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட நேர் மேற்கில், துளி தெற்கே ஒதுங்கி, 30 டிகிரி உயரத்தில் இருக்கும். டி.டி.எச். டிஷ் ஆஃப்செட் (மையம் விலகிய) வகை என்பதால் பார்வைக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும், வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்தால் ஒன்றும் வராது. 9750 மெகாஹெர்ட்ஸ் லோக்கல் ஆசிலேட்டர் உள்ள எல்.என்.பி.க்கு (டிஷ்ஷின் முன்னால் இருந்து சிக்னலை வாங்கி அலைவரிசையைக் குறைத்துத் தரும் கருவி) பயஸ் டீ (கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் இணைப்பு) வழியாக 13 வோல்ட் கொடுத்து, கணினியில் செருகும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். ரேடியோ டாங்கிளை 739.5 மெகாஹெர்ட்ஸ் அருகில் வைத்தால், பீக்கனும் (செயற்கைக்கோளின் அடையாள சிக்னல்) அதைச் சுற்றி ஐரோப்பிய, ஆப்பிரிக்க ஹாம்கள் பேசுவதும் திரையில் கோடு கோடாகத் தெரியும். வெயில் ஏற ஏற எல்.என்.பி. சூடாகி அலைவரிசை நகரும், அது பழுதில்லை.

மோர்ஸுக்கு ஒரே அறிவுரை: புள்ளி, கோடு என்று தாளில் எழுதி மனப்பாடம் செய்ய விடாதீர்கள். காதால் மட்டும், முதல் நாளிலிருந்தே வேகமான எழுத்துகளாக, நடுவில் இடைவெளி அதிகம் விட்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கீ அடித்தால் செயலியில் பழகுவதைவிடச் சீக்கிரம் வரும்.

கடைசியாகப் பேரிடர் ஒத்திகை. 2004 சுனாமியில் அந்தமானுக்கு ஹாம் நிகழ்ச்சிக்காகப் போயிருந்த குழுவினரே போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கடத்தினார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் நம் ஊரில் நாளைக்கே செல்போன் டவர் விழுந்தால் என்ன செய்வோம் என்று பழகியிருக்கிறோமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டு மின்சாரத்தைத் தொடாமல் பேட்டரியில் மட்டும் இயங்க வேண்டும். யு.பி.எஸ். வகை 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி போதும், அதில் பாதியைத்தான் கணக்கில் எடுக்கணும். ஒலிபரப்பும்போது 3 ஆம்பியர் இழுக்கும் ரிக் என்றால் மொத்தப் பேச்சு நேரம் ஒரு மணிக்குச் சற்று மேல், கேட்டுக்கொண்டு இருப்பதற்கு ஆகும் செலவு தனி. அப்போதுதான் ஏன் சுருக்கமாகப் பேசணும் என்பது உறைக்கும்.

செய்தியைப் பேசுவதற்கு முன் தாளில் எழுதணும்: யாருக்கு, யாரிடமிருந்து, நேரம், செய்தி, அதுவும் 25 சொல்லுக்குள். அதை ஒருவர் அனுப்ப, நடுவில் இருவர் கடத்த, கடைசி ஆள் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாரும் ஓரிடத்தில் கூடி முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். "எழுபது" போனது "எண்பது" என்று வந்திருக்கும், "இருபது" எங்கோ "அறுபது" ஆகியிருக்கும். இரைச்சலில் இவை ஒரே மாதிரிதான் கேட்கும், அதனால் எண்களை ஏழு, சுழியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிர்முனை திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் வரணும். அடுத்த ஒத்திகையில் அனுப்பியவரை நடுவில் போடுங்கள், நடுவில் இருந்தவர் எழுதட்டும்.